பிறிஜெற் அக்காவின் இருபத்தேழு பேர்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு வைகாசி மழை கொழும்பு கொட்டாஞ்சேனையை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது பிறிஜெற் அக்காவுக்குக் அரசாங்கச் சுகாதாரக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய புருஷன் றேமண்ட் அண்ணனுக்கும் தெரியாது. ஆகவே கடிதம் என்னிடம் வந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்துக்குள், எந்தக் காகிதம் வந்தாலும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்னிடம்தான் வரும். நான் கத்தோலிக்கக் கோயிலில் கிளாக்கர். இங்கிலீசில் எழுதுவேன், அதுவும் அச்சுக் கோத்தது போல எழுதுவேன் என்று நானே சொல்லிக்கொள்வேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் மனிதனுக்கு எத்தனை மண்டைக்கனம் இருக்கலாமோ அத்தனையும் எனக்கு இருந்தது.

அக்கா எங்கள் பக்கத்து மருத்துவிச்சி. துறைமுகத்து வேலைக்காரர் வீடுகள், முஸ்லிம்களான சோனகர் வீடுகள், ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடிக் குடும்பங்கள் என்று எவர் கூப்பிட்டாலும் போவார். நல்ல உயரம், அகன்ற கைகள், மெதுவான பேச்சு. றேமண்ட் அண்ணன் முன்பு துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இரண்டு வருஷத்துக்கு முன் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி மூட்டைகள் சரிந்து அவருடைய வலது காலை நசுக்கிவிட்டன. அன்றிலிருந்து அவர் வீட்டில் சமைக்கிறார், அக்கா வெளியில் உழைக்கிறார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணன் வைக்கும் சொதிக்காகவே நான் அடிக்கடி அந்தப் பக்கம் போய் நிற்பேன்.

கடிதத்தை வாசித்தேன். பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் பிரசவம் பார்க்கும் பெண்கள், பத்து வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்திருந்தால், ஒரு டொக்டரின் முன்னால் வந்து பரீட்சைக்கு நிற்க வேண்டும். தாங்கள் பார்த்த பிரசவங்களுக்கு எழுத்தில் அத்தாட்சி கொண்டுவர வேண்டும். டொக்டர் திருப்திப்பட்டால் உத்தரவுப் பத்திரம் கிடைக்கும். திருப்திப்படாவிட்டால் இனி எந்த வீட்டுக்கும் போகக்கூடாது.

"எழுத்தில எண்டா என்ன தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"ஆரும் எழுதின காகிதம் அக்கா. அதில உங்கட பேர் இருக்கோணும்."

"பிள்ளை பிறக்கேக்க நான் ரசீதா எழுதிக் குடுக்கிறனான்?"

அடுப்படியிலிருந்து அண்ணன் சத்தம் போட்டார். "ஒழுங்கைத் தலைப்பில நிண்டு ஒருக்காக் கூப்பிட்டா நூறு பெடியள் ஓடி வருவாங்கள். அவங்கள் எல்லாரும் இவ இழுத்தெடுத்தவங்கள்தான். அதை விட என்ன அத்தாட்சி வேணும்?"

"கந்தோருக்கு வாய்ச்சொல் போதாது அண்ணே. காகிதம் வேணும்."

"அப்ப பிள்ளைக்குப் பதிலாக் காகிதத்தைப் பெறச் சொல்லு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறப்பை அரசாங்கத்தில் பதிந்தால் தகப்பன் பெயர் வரும், தாய் பெயர் வரும், சொன்னவன் பெயர் வரும். பிள்ளையைக் கையில் ஏந்தியவள் பெயர் எங்கேயும் வராது. அறுநூறு பிள்ளைகளுக்கு மேல் அக்காவின் கையில் வந்திருக்கும். அதற்கு உலகத்தில் ஒரு வரி எழுத்துக் கிடையாது.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளை தங்காது போலத் தெரிந்தால் கோயில் குருவான சுவாமி வரும்வரைக்கும் காத்திருப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் எவராக இருந்தாலும் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். அநேகமாக அது மருத்துவிச்சியாகத்தான் இருக்கும். பிறகு கோயிலில் வந்து அறிவித்தால் ஞானஸ்நானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர் ஏறும். 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் சுவாமியின் பெயர் இருக்க, இந்தப் பிள்ளைக்கு மட்டும் மருத்துவிச்சியின் பெயர் இருக்கும். எழுத்தில் அக்காவின் பெயர்! இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் துள்ளினேன்.

மூன்று பின்னேரங்கள் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். கடைசிக் கட்டத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போவேன். பிறிஜெற் என்று கண்டால் நிற்பேன். இருபத்தேழு இடம் அகப்பட்டது. நல்ல தாள் வாங்கி, சிவப்பு மையால் கோடு கிழித்து, இலக்கம், திகதி, பிள்ளையின் பெயர், கொடுத்தவர், காரணம் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினேன். தாய் தகப்பன் பெயர்களையும், சுவாமிமார் ஓரத்தில் பொடி எழுத்தில் கிறுக்கி வைத்தவற்றையும் விட்டுவிட்டேன். அவை அட்டவணையின் அழகைக் கெடுக்கும் என்று நினைத்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'மரண ஆபத்து' என்று இருபத்தேழு தரம், வளைவு நெளிவு குறையாமல், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். எழுதும்போது ஒரு தரமாவது அது என்னவென்று யோசித்தேனா? இல்லை.

பரீட்சைக்கு அக்காவும் நானும் டிராமில் போனோம். அக்கா வெள்ளைச் சேலை உடுத்து, கத்தரிக்கோலும் நூலும் துணியும் வைத்த தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். கந்தோரில் எங்களைக் கூப்பிட்டவர் டொக்டர் மிஸ் செல்லையா. யாழ்ப்பாணத்து அம்மா, மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து நின்று அக்காவுக்கு உட்காரக் கதிரை காட்டினார்.

"கொப்பூழ்க்கொடி வெட்ட முதல் என்ன செய்வீங்கள்?"

"கத்தரிக்கோலையும் நூலையும் கொதிதண்ணியில அவிப்பன் டொக்டரம்மா. என்ர கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுவன். கொடியில துடிப்பு நிண்டாப் பிறகுதான் வெட்டுவன்."

"ரத்தம் நிக்காட்டி?"

"வயித்தை உருட்டிப் பிடிப்பன். அதுக்குள்ள ரிக்‌ஷோ கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்பிப்போடுவன். ஆஸ்பத்திரிக்குத்தான். அதில எனக்கு ரோசம் இல்லை."

டொக்டரின் பேனை ஏதோ எழுதியது. பிறகு வெளி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்தார். "பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்க்கும் சத்தம் கேட்டது. சில்லிட்ட கையை வயிற்றில் வைக்கமாட்டார் என்று பிறகு சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம்தான் முதலில் பேசினார். "பயப்படாதீங்க மகள், பிள்ளை சுகமா இருக்கு." அதன்பின் டொக்டரிடம் திரும்பி, "தலை மேல நிக்குது. இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு, திரும்பினாலும் திரும்பும். திரும்பாட்டி நான் வீட்டில வச்சுப் பாக்கமாட்டன்" என்றார்.

"நானும் அதைத்தான் எழுதி வைச்சிருக்கிறன்" என்றார் டொக்டர். முதல் முறையாக முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அத்தாட்சி கொண்டுவந்தனீங்களோ?"

நான் முன்னால் வந்து, மாப்பிள்ளைத் தட்டு நீட்டுவது போல என் அட்டவணையை நீட்டினேன்.

"நல்ல எழுத்து" என்றார்.

"நான்தான் எழுதினனான் மிஸ்" என்றேன்.

அவர் மேலிருந்து கீழே வாசித்தார். சிரிப்பு மறைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"பிறிஜெற், இதில இருபத்தேழு பிள்ளையள் இருக்கு. இருபத்தேழும் மரண ஆபத்து எண்டு இருக்கு. பதினேழு வருசத்தில உங்கட கையில இருபத்தேழு பிள்ளை சாகக் கிடந்ததெண்டு உங்களுக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்திருக்கிறீங்கள்."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் பார்வைதான் இருந்தது.

"கையில வேலை இருக்கு, அது எனக்குத் தெரியுது" என்றார் டொக்டர். "ஆனா இந்தக் காகிதம் மேசையில கிடக்க நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு ஆரும் கேட்டா என்ன சொல்லுறது? வேற ஏதும் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டுவாங்கள். அதுவரைக்கும் ஒரு வீட்டுக்கும் போகவேண்டாம்."

திரும்பி வரும்போது அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. சந்தியில் இறங்கி பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கினார். அரை றாத்தலைப் பிய்த்து என் கையில் தந்து, "விடியவும் சாப்பிடேல்ல நீங்க" என்றார். அதை வாங்கும்போது எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஏச்செல்லாம் றேமண்ட் அண்ணனிடம் வாங்கினேன். "படிச்சவன் எண்டு நம்பிக் குடுத்தா அறுநூறு பிள்ளையை விட்டுப்போட்டு, சாகக் கிடந்ததைத் தேடிப் பிடிச்சு எழுதிக்கொண்டு போயிருக்கிறான்! சிவப்பு மை வேற!" என்று அகப்பையை ஆட்டிக்கொண்டு கத்தினார். கத்திக்கொண்டே எனக்கும் ஒரு கோப்பையில் சொதி ஊற்றி வைத்தார். அந்த வீட்டில் அப்படித்தான்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த மழைக்குள் குடையும் வயிறுமாக ஜவாஹிறா வந்தாள். அடுத்த ஒழுங்கையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஷிமின் மனைவி. அது அவளுக்கு நாலாவது பிள்ளை. முதல் மூன்றும் அக்காவின் கைக்கு வந்தவை. செய்தி அவளுக்கு எப்படியோ முன்னதாகவே போய்விட்டது.

"என்ன அக்கா இது? எனக்கு இந்தக் கெழமையோ அடுத்த கெழமையோ தெரியா. நீங்க வாறல்லண்டா நான் யாருக்கிட்ட போற?"

"ஆஸ்பத்திரிக்குப் போங்க மகள். அங்க நல்லாப் பாப்பாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போறண்டா நீங்க கூட்டிட்டுப் போங்க, போறன். நீங்க இல்லாம ஏலா." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து என் பக்கம் திரும்பினாள். "அப்பிடி என்னதான் எழுதின நீங்க? வாசிங்க, கேப்பம்."

அட்டவணையைப் பிரித்து, "ஒண்டாவது..." என்று தொடங்கினேன். அக்கா எழுந்து, "தேத்தண்ணி வைக்கிறன்" என்று அடுப்படிக்குப் போனார்.

"ஒண்டிலீந்து வாசிச்சா எப்ப முடியிற? நடுவால வாசிங்க."

"பதினாறு. அந்தோனி பிறான்சிஸ். மரண ஆபத்து."

"எந்த அந்தோனி? மூல வீட்டு அந்தோனியா?" ஜவாஹிறா நிமிர்ந்தாள். "அந்தக் கழுத நேத்து எங்கட ஊட்டு ஜன்னல் கண்ணாடிய ஒடச்சிட்டு ஓடினான்! அவனா சாகக் கெடந்த? அவனுக்குக் கட்டையில போறவனேண்டு நான் ஏசினதும் கேக்கல்ல, அவ்வளவு வேகம்!"

"பதினெட்டு. மேரி தெரேசா."

"தையல் மெசின் வீட்டுத் தெரேசா," என்றார் அண்ணன். "வாற மாசம் கோயில்ல புதுநன்மை எடுக்குது."

"இருபத்தொண்டு..."

வாசித்துக்கொண்டிருந்தவன் தாளைக் கீழே வைத்துவிட்டேன். கோயிலில் வேலை செய்பவனுக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை பிழைத்தால், பிறகு தாய் தகப்பன் அதைக் கோயிலுக்குத் தூக்கி வருவார்கள். சுவாமி எண்ணெய் பூசி, மிச்சச் சடங்குகளைச் செய்து முடிப்பார். முடித்த திகதியைப் புத்தகத்தில், அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே, ஓரத்தில் எழுதுவார். அழகைக் கெடுக்கும் என்று நான் விட்டுவிட்ட பொடி எழுத்து அதுதான்.

அடுத்த நாள் காலையில் பூசை முடிந்ததும் முடியாததுமாகப் புத்தகத்தைத் திறந்தேன். இருபத்தேழில் இருபத்திரண்டு பேருக்கு ஓரத்தில் திகதி இருந்தது. நாற்பது நாளில், இரண்டு மாதத்தில், ஒருவனுக்கு ஏழு மாதத்தில். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய சுவாமியிடம் ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோகக் கேட்டேன்.

"புத்தகம் கோயில் படி தாண்டாது" என்றார். "என்ர தலையைக் கேள், தாறன்."

திரும்பவும் ஒரு பட்டியல் எழுத எனக்குத் துணிவில்லை. என் எழுத்தை இனி யார் நம்புவார்கள்? வெறுங்கையோடு டொக்டரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"புத்தகம் வராதெண்டா நான் வாறன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவின் பெயரில் இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. படிப்பில்லாத ஒரு மருத்துவிச்சிக்காக, ஒரு மூடக் கிளாக்கரின் பேச்சைக் கேட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டுகிற மழையில் ரிக்‌ஷோவில் வந்து இறங்கினார். காலில் சப்பாத்தெல்லாம் ஈரம்.

கோயில் கந்தோர் அறையில் அவரும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். டொக்டர் கடைசிப் பிள்ளையிலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போனார். திகதி இருந்த பெயர்களை வாசிக்க வாசிக்க, அந்தப் பிள்ளையை என்ன செய்து தப்பவைத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா ஒவ்வொன்றையும் சொன்னார். வாயில் கிடந்த சளியைத் துணி சுற்றிய விரலால் எடுத்தது, பஞ்சில் பொதிந்து தாயின் நெஞ்சோடு கட்டிவைத்தது, உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்குத் தாய்ப்பாலைப் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக ஒன்பது நாள் கொடுத்தது.

"ஒன்பது நாளும் நீங்களோ?"

"தாய்க்குக் காய்ச்சல் டொக்டரம்மா. வேற ஆர் இருக்கினம்?"

டொக்டர் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஓரம் வெறுமையாக இருந்த பெயர்களுக்கு வந்தார்.

"இந்தப் பிள்ளை?"

"ஆறு மாசத்தில பிறந்தது. ஒரு மணித்தியாலம் இருந்தது."

"இது?"

"கொடி கழுத்தில ரெண்டு சுத்து. எடுக்கேக்கயே நீலம்."

"இது?"

"இது தாய்க்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில தாய் தப்பிச்சா, பிள்ளை தப்பேல்ல."

"இது?"

அக்கா டொக்டரை நேரே பார்த்தார். "இது என்ர பிழை" என்றார். "பிள்ளை குறுக்கால கிடந்தது. திருப்பலாம் எண்டு நினைச்சு நேரத்தைப் போக்கிப்போட்டன். முதலே அனுப்பியிருக்கோணும். அதுக்குப் பிறகுதான் குறுக்கால கிடந்தா நான் தொடுறேல்ல, அனுப்பிறது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி நேரத்தில் இந்த மனுஷி தன் கழுத்துக்குத் தானே கயிறு போடுகிறாரே என்று நினைத்தேன். டொக்டர் அந்த வரிக்கு நேரே தன் கொப்பியில் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மிக மூத்த புத்தகத்தை இழுத்து, முதலாவது பெயருக்கு வந்தார்.

"மரிய றோசா. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொண்டு, ஐப்பசி. இதுக்கும் ஓரத்தில ஒண்டும் இல்லை. றோசாவுக்கு என்ன நடந்தது, பிறிஜெற்?"

டொக்டரின் விரல் அந்த வரியில் இடப்பக்கமாக, நான் எழுதாமல் விட்ட தாய் தகப்பன் கட்டங்களுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. நான் குனிந்து பார்த்தேன். தகப்பன் றேமண்ட். தாய் பிறிஜெற். கொடுத்தவர் கட்டத்தில் பிறிஜெற் என்ற பெயருக்குக் கீழே, வேறு ஆள் இல்லாமையால் தாயே கொடுத்தார் என்று பழைய சுவாமி பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

"அது என்ர பிள்ளை டொக்டரம்மா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"ஆர் பக்கத்தில நிண்டது?" என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. இவர் ஹாபர் வேலையில. ஒழுங்கையில இடுப்பளவு தண்ணி, கூப்பிட்டும் ஒருத்தருக்கும் கேக்கேல்ல. நானே எடுத்தன். அழேல்ல. செம்பில தண்ணி இருந்தது, எட்டி எடுத்துப் பேர் வச்சு ஊத்தினன். ஒருக்காக் கண்ணைத் திறந்து பாத்தா. நல்ல கறுத்த கண். தலை நிறைய மயிர்." அக்கா தன் அகன்ற கைகளை மடியில் விரித்துப் பார்த்தார். "எழும்பி நடக்க ஏலுமான நாள் துவங்கி, எந்த வீட்டில நோவெண்டு கேட்டாலும் போவன். முதல்ல சும்மா கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கத்தான் போனனான். ஒருத்தியும் தனியக் கிடக்கக்கூடாது எண்டு. பிறகு பாத்துப் பாத்துத்தான் வேலை வந்தது."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து உத்தரவுப் பத்திரத்தை எடுத்து, பெயரை என்னிடம் கேட்காமலே எழுதி, கையெழுத்து வைத்தார்.

"பிழையை எனக்கு ஒளிக்காமச் சொன்னீங்கள். அதுக்கும் சேர்த்துத்தான் இது" என்றார். "மாசத்துக்கு ஒருக்கா வந்து என்னட்டச் சொல்லிப்போட்டுப் போங்கள். பிறந்ததையும் சொல்லுங்கள், போனதையும் சொல்லுங்கள்." போகும்போது அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்தார். யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பத்திரத்தை என்னிடம் தந்துவிட்டு அவர் ரிக்‌ஷோவில் ஏறினார். நானும் அக்காவும் கோயில் முன்றலில் நின்றோம்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க. அந்த முதல் வரியை நான் பாக்காமலே எழுதிப்போட்டன். தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கமாட்டீங்க" என்றார் அக்கா. "நல்லா இருப்பீங்க தம்பி. நீங்க எழுதினபடியாத்தான் அவ கேட்டவ. பதினேழு வருசமா என்ர பிள்ளையைப் பற்றி ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல. நானும் இவரும்கூடக் கதைக்கிறேல்ல. இண்டைக்கு டொக்டரம்மா றோசா எண்டு பேர் சொல்லிக் கேட்டா. கேட்டீங்கதானே?"

"கேட்டனான் அக்கா."

"இவருக்குப் போய்ச் சொல்லோணும், டொக்டரம்மா எங்கட பிள்ளையைப் பற்றிக் கேட்டவ எண்டு."

சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் மழைக்குள் விறுவிறுவென்று நடந்தார். உத்தரவுப் பத்திரம் என் கையிலேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்க அவர் மறந்துவிட்டார்.